தமிழ்நாட்டில் தொலைக்காட்சி நிறுவனங்களும் இணையவழி ஒளிபரப்பும்

இணையவழி ஒளிபரப்பு என்பது தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கேபிளோ டிஷ் ஆண்டெனாவோ இல்லாமல் இணைய இணைப்பின் வழியாகக் கைப்பேசி, கணினி, ஸ்மார்ட் டிவி ஆகியவற்றில் பார்க்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இது ஓடிடி எனப்படுகிறது. தமிழ்நாட்டின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அனைத்துக்கும் இன்று சொந்தச் செயலியோ, ஏதேனும் ஒரு செயலியில் இடமோ உண்டு. இருந்தும் ஒரே நிகழ்ச்சிக்கு இருமுறை பணம் கட்ட வேண்டியிருக்கிறது, தவறவிட்ட அத்தியாயம் எளிதில் கிடைப்பதில்லை, சில நிகழ்ச்சிகள் சில நாடுகளில் மட்டும் திறக்கின்றன என்ற குறைகள் நேயர்களிடையே நீடிக்கின்றன. இக்குறைகளுக்குத் தொழில்நுட்பக் குறைபாடு காரணமன்று. தொலைக்காட்சிக்குப் பணம் வந்து சேரும் வழிகளே பெரும்பாலும் காரணமாக உள்ளன.

பின்னணி

தமிழில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூர்தர்ஷன் நிலையத்துடன் தொடங்கியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கப்பட்டபின் தனியார் அலைவரிசைகள் பெருகின. அவை செயற்கைக்கோள் வழியாக வந்ததால், வீடுகளுக்கு அவற்றைக் கொண்டுசேர்க்கத் தெருவுக்குத் தெரு கேபிள் ஆபரேட்டர்கள் உருவாயினர். பின்னர் டிடிஎச் சேவைகள் வந்தன. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் சேவையைத் தொடங்கியது.

இணையத்தில் முதல் பெரிய நகர்வு 2015 பிப்ரவரியில் ஸ்டார் நிறுவனம் ஹாட்ஸ்டார் செயலியைத் தொடங்கியபோது நிகழ்ந்தது. விஜய் டிவி நிகழ்ச்சிகள் அதில் இடம்பெற்றன. சன் குழுமம் 2017 ஜூனில் சன் நெக்ஸ்ட் செயலியையும், ஜீ குழுமம் 2018 பிப்ரவரியில் ஜீ5 செயலியையும் கொண்டுவந்தன. இடையில் 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை தொடங்கப்பட்டதும் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. கைப்பேசியில் படம் பார்ப்பது நகரத்துக்கு மட்டும் உரிய பழக்கமாக இருந்த நிலை அத்துடன் மாறியது.

சிற்றூர் நேயரின் தேவை

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில், திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பேரூராட்சி அய்யலூர். வியாழக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தைக்கும் தக்காளி வணிகத்துக்கும் பெயர் பெற்றது. சுற்றுவட்டாரத்தில், குறிப்பாக வேடசந்தூர்ப் பகுதியில், நூற்பாலைகள் பல உள்ளன. நூற்பாலை வேலை ஷிப்டு முறையில் நடப்பது. சந்தை வேலை விடியுமுன் தொடங்குவது. இரவு 8 மணித் தொடரை அதே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது இத்தகைய வேலையில் இருப்பவர்களுக்கு எல்லா நாளும் இயலாது. வீட்டில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியும் பல கைப்பேசிகளும் இருப்பதும் இன்று பொதுவான நிலை. தொடர் பார்ப்பவரும் கிரிக்கெட் பார்ப்பவரும் ஒரே பெட்டிக்குப் போட்டியிடும்போது கைப்பேசியே வழியாகிறது.

தவறவிட்ட அத்தியாயத்தைத் தேடும் பழக்கம் ஓடிடிக்கு முன்பே இருந்தது. 2012ஆம் ஆண்டு வாக்கில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவியது. அப்போது தொடரின் முக்கியமான கட்டத்தில் மின்சாரம் போனால், அடுத்த நாள் பக்கத்து வீட்டில் கதை கேட்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. இணைய வசதி உள்ளவர்கள், யாரோ பதிவு செய்து யூடியூபில் ஏற்றிய நகல்களைத் தேடினர். பதிப்புரிமைப் புகாரின் பேரில் அவை நீக்கப்படுவதும் வேறொரு பெயரில் மீண்டும் தோன்றுவதும் வழக்கமாயின. அனுமதியற்ற தளங்கள் வளர்ந்ததற்கு, நேர்வழியில் பார்க்க இடமில்லாதிருந்ததும் ஒரு காரணம்.

நிறுவனங்கள் தயங்குவதன் காரணங்கள்

தனியார் அலைவரிசைகளுக்கு வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று சந்தா, மற்றொன்று விளம்பரம். இணையம் இரண்டையும் தொடுகிறது.

சந்தா: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 100 அலைவரிசைகள் வரை பெறுவதற்கு அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு அப்போது 130 ரூபாயாக இருந்தது. 18 விழுக்காடு சரக்கு–சேவை வரி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளுக்கு அவற்றின் விலை தனி. சன் டிவி 19 ரூபாய், விஜய் டிவி 17 ரூபாய் என அப்போது விலை அறிவிக்கப்பட்டது. தொகுப்பில் சேர்க்கப்படும் அலைவரிசைக்கு 19 ரூபாயே உச்சவரம்பு. தனித்தனியாகப் பார்த்தால் சிறிய தொகை. ஆனால் இலட்சக்கணக்கான வீடுகளிலிருந்து மாதந்தோறும் வருவது. அதே அலைவரிசை இணையத்தில் இலவசமாகக் கிடைத்தால் இந்தத் தொகையைக் கட்ட மக்கள் தயங்குவர் என்பது நிறுவனங்களின் கணக்கு.

விளம்பரம்: எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைப் பார்க் எனப்படும் அமைப்பு அளவிடுகிறது. நிகழ்ச்சியின் ஒலியுடன் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்று கலந்து அனுப்பப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் வைக்கப்பட்ட கருவி அதைப் பதிவு செய்கிறது. டிஆர்பி என்று பேசப்படும் அளவு இதிலிருந்து கணக்கிடப்படுகிறது. விளம்பர விலையும் இதைச் சார்ந்தே அமைகிறது. ஒரு தொடரை இரவு 8 மணிக்குப் பெட்டியில் பார்ப்பவர் இந்தக் கணக்கில் சேர்வார். அதையே இரவு 11 மணிக்குப் பேருந்தில் கைப்பேசியில் பார்ப்பவர் சேரமாட்டார். அந்தத் தொடரின் மீது இருவருக்கும் உள்ள பற்று ஒன்றே. ஆயினும் அலைவரிசையின் விளம்பரப் பிரிவுக்கு முதலாமவரே கண்ணில் படுகிறார். நேயர்களைக் குறித்த நேரத்தில் பெட்டியின் முன் உட்கார வைக்க நிறுவனங்கள் முயல்வதற்கு இதுவே முதற்காரணம்.

செயலிக்குள் கட்டப்பட்ட வேலி

இக்காரணங்களால் நிறுவனங்கள் இணையத்துக்கு வந்தபோதும் வேலியுடன் வந்தன. யூடியூபில் முன்னோட்டமும் துண்டுக் காட்சிகளும், முழு அத்தியாயம் செயலியில் என்பது பரவலான முறையாயிற்று. 2019 மார்ச்சில் ஆண்டுக்கு 365 ரூபாய்க்கு அறிமுகமான ஹாட்ஸ்டார் விஐபி சந்தாவில், ஸ்டார் குழுமத் தொடர்களைத் தொலைக்காட்சியில் வருமுன் அன்று காலை 6 மணிக்கே பார்க்கலாம் என்பது ஒரு சிறப்புச் சலுகை. முன்னதாகக் காட்டுவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை என்பதை இது தெளிவாக்கியது. தடையாக இருந்தது விலை மட்டுமே.

2022 ஜனவரி 30 அன்று தொடங்கிய பிக் பாஸ் அல்டிமேட் தொலைக்காட்சியில் வராமல் செயலியில் மட்டும் 24 மணி நேரமும் ஒளிபரப்பானது. அதே நிறுவனத்தின் விஜய் டிவிக்கு மாதச் சந்தா கட்டிய வீடும் இதைப் பார்க்கத் தனியே பணம் கட்ட வேண்டியிருந்தது. கேபிளுக்கு ஒருமுறை, செயலிக்கு ஒருமுறை, இணைய டேட்டாவுக்கு ஒருமுறை என மூன்று வாயில்களில் பணம் கட்டும் நிலை இவ்வாறு உருவானது.

கிரிக்கெட்: மாறிக்கொண்டே இருந்த விதி

இவ்வேலி எங்கே நிற்கும் என்பது ஆண்டுதோறும் மாறுவதைக் கிரிக்கெட் ஒளிபரப்பில் காணலாம். 2018 முதல் 2022 வரையிலான ஐபிஎல் உரிமையை, தொலைக்காட்சி, இணையம் இரண்டுக்கும் சேர்த்து, 16,347.5 கோடி ரூபாய்க்கு ஸ்டார் நிறுவனம் பெற்றது. 2020 ஐபிஎல் போட்டிகளைச் செயலியில் பார்க்கச் சந்தா கட்டாயமானது. 2022 ஜூனில் நடந்த அடுத்த ஏலத்தில் உரிமை இரண்டாகப் பிரிந்தது. தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய்க்கு டிஸ்னி ஸ்டாருக்கும், இந்தியாவுக்கான முதன்மை இணைய உரிமை 20,500 கோடி ரூபாய்க்கு வயாகாம்18 நிறுவனத்துக்கும் சென்றன.

உரிமை இரு கைகளுக்குப் போனதும் நேயருக்கு ஆதாயம் கிடைத்தது. பாதுகாக்கத் தொலைக்காட்சிச் சந்தா எதுவும் இல்லாததால், வயாகாம்18 தன் ஜியோசினிமா செயலியில் 2023 ஐபிஎல் போட்டிகள் அனைத்தையும் தமிழ் உட்பட 12 மொழிகளில் இலவசமாகக் காட்டியது. இதற்கு ஈடாக அதே ஆண்டு ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் கைப்பேசியில் இலவசமாகக் காட்டுவதாக டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் அறிவித்தது. பின்னர் இரு தரப்பும் இணைந்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒரே செயலி உருவானது. ஐபிஎல் மீண்டும் சந்தாவுக்குள் சென்றது. போட்டி இருந்த காலத்தில் இலவசமும், போட்டி மறைந்தபின் கட்டணமும் வந்தது இதில் குறிப்பிடத்தக்கது.

கேபிள் ஆபரேட்டர்களின் எதிர்ப்பு

இணைய ஒளிபரப்பை எதிர்ப்போர் அலைவரிசை நிறுவனங்கள் மட்டுமல்லர். கேபிள் தொழிலில் உள்ளோருக்கும் குறை உண்டு. செயற்கைக்கோள் அலைவரிசையின் சிக்னலைப் பதிவுபெற்ற கேபிள், டிடிஎச் போன்ற விநியோகத் தளங்களுக்கே வழங்க வேண்டும் என மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அவ்வாறிருக்க, தங்களிடம் விலை வாங்கிக்கொண்டு அதே நிகழ்ச்சியைச் செயலியில் இலவசமாகக் கொடுப்பது முறையா என்பது அவர்களது கேள்வி. 2023 பிப்ரவரியில் புதிய விலைகளை ஏற்க மறுத்த கேபிள் நிறுவனங்களுக்கு டிஸ்னி ஸ்டார், ஜீ, சோனி ஆகியவை சில நாட்கள் சிக்னலை நிறுத்தின. அந்த நாட்களில் பணம் கட்டியிருந்த வீடுகளிலும் அலைவரிசைகள் தெரியவில்லை.

அதே ஆண்டு, உலகக் கோப்பையைக் கைப்பேசியில் இலவசமாகக் காட்டுவதை எதிர்த்து அகில இந்திய டிஜிட்டல் கேபிள் கூட்டமைப்பு, தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தை அணுகியது. ஓடிடி தளம் தொலைக்காட்சி அலைவரிசை ஆகாது, எனவே டிராய் விதிகளுக்குள் வராது என்ற கருத்துடன் தீர்ப்பாயம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. இதன் விளைவாக ஒரே போட்டி கேபிளில் வரும்போது விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டும், செயலியில் வரும்போது அக்கட்டுப்பாடு இல்லாமலும் உள்ளது. சிற்றூர்களில் மாதாமாதம் வீடு வீடாகச் சென்று வசூலிக்கும் உள்ளூர் ஆபரேட்டரின் பிழைப்பு இந்த இடைவெளியில் சிக்கியுள்ளது. விலை உயர்ந்தால் நேயரின் கோபத்தை முதலில் எதிர்கொள்பவரும் அவரே.

திரையுலகில் இதே தகராறு

தொலைக்காட்சிக்கு முன்பே திரையரங்குகள் இவ்வாறு எதிர்த்தன. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு முன் டிடிஎச் வழியாக வெளியிடும் கமல்ஹாசனின் திட்டம் திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானபோதும் அதே எதிர்ப்பு எழுந்தது. அன்று திரையரங்குகளின் அச்சத்துக்குக் காரணமாக இருந்த தொலைக்காட்சித் துறை, இன்று அதே அச்சத்துடன் இணையத்தைப் பார்க்கிறது.

வெளிநாடுவாழ் தமிழர்

ஒளிபரப்பு உரிமை நாடு வாரியாக விற்கப்படுவதால், தமிழ்நாட்டில் திறக்கும் நிகழ்ச்சி கனடாவிலோ இலங்கையிலோ வளைகுடாவிலோ திறக்காமல் போகலாம். பயனரின் இணைய முகவரியைக் கொண்டு அவர் இருக்கும் நாட்டைச் செயலி கண்டறிந்து தடுக்கிறது. ஊரில் தாயும் வெளிநாட்டில் மகளும் ஒரே தொடரைப் பார்க்க வெவ்வேறு சேவைகளில் பணம் கட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

பிற நாடுகளின் வழிகள்

அமெரிக்காவில் சிறு ஆண்டெனாக்கள் மூலம் உள்ளூர் அலைவரிசைகளைப் பிடித்து இணையத்தில் தந்த ஏரியோ நிறுவனத்தை ஒளிபரப்பாளர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தனர். 2014 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் ஏரியோவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் நேயரின் தேவை அத்துடன் மறையவில்லை. கேபிள் சந்தாவுடன் மட்டுமே கிடைத்துவந்த எச்பிஓ, 2015 ஏப்ரலில் தனி இணையச் சேவையைத் தொடங்கியது. கேபிள் சந்தாதாரர் தன் கணக்கைக் கொண்டே இணையத்திலும் கூடுதல் கட்டணமின்றிப் பார்க்கும் முறையும் அங்கு பரவியது.

பிரிட்டனில் பிபிசி 2007 டிசம்பரில் ஐபிளேயரைத் தொடங்கியது. ஆண்டுதோறும் செலுத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் ஒன்றே பெட்டிக்கும் இணையத்துக்கும் பொருந்துகிறது.

தற்போதைய நிலை

இந்தியாவில் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி இத்தயக்கம் இன்றி நடந்துகொள்கிறது. மாதக் கட்டணமற்ற டிடி ஃப்ரீ டிஷ் 2004 முதல் இயங்குகிறது. 2024 நவம்பரில் தொடங்கப்பட்ட வேவ்ஸ் செயலியில் நேரலை அலைவரிசைகளும் உள்ளன. சந்தா வருமானத்தை நம்பியிராத நிறுவனத்துக்கு இணையம் போட்டியாகத் தோன்றுவதில்லை. தனியார் துறையில் டாடா பிளே போன்ற டிடிஎச் சேவைகளின் சந்தாதாரர்கள், தாம் பணம் கட்டும் அலைவரிசைகள் பலவற்றைக் கைப்பேசிச் செயலியிலும் பார்க்க முடிகிறது. கேபிள் வீடுகளுக்கு அந்த வசதி பரவலாக இல்லை.

ஓடிடி தளங்களையும் ஒளிபரப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரும் வரைவு மசோதாவை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. திருத்தப்பட்ட வரைவு எதிர்ப்புகளுக்குப்பின் 2024 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. கேபிளில் விலை கொடுத்து வாங்கிய அலைவரிசையை அதே வீட்டார் கைப்பேசியிலும் பார்க்கும் உரிமையை எந்த விதியும் இதுவரை உறுதி செய்யவில்லை. அத்தகைய ஏற்பாடு வந்தால் இரட்டைக் கட்டணம் குறித்த குறை பெருமளவு தீரும். கைப்பேசியில் பார்ப்பவரையும் விளம்பரக் கணக்கில் சேர்க்கும் அளவீடு வந்தால், அவரைத் தடுப்பதில் நிறுவனங்களுக்கும் ஆதாயம் இராது.