பலேர்மோவில் பறிபோன வலைகள்

நேப்பிள்ஸ் நகரிலிருந்து இரவுக் கப்பலேறி, விடிகாலையில் பலேர்மோ துறைமுகத்தில் நாம் இறங்கியபோது, எம்மை எதிர்கொள்ள வந்திருந்த அன்பர் நேரே வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. “முதல் காலாவைப் பாத்திட்டுப் போவம் சேர்” என்றார். காலா என்பது இந்நகரின் பழைய படகுத்துறை. அன்பர் குருநகரில் பிறந்தவர். பதினாறு வயதிலேயே தந்தையாருடன் கடலுக்குப் போனவர். இன்று இங்குள்ள எம்மவர் பலரையும் போல இத்தாலியர் வீடுகளில் துப்புரவுப் பணி செய்கிறார். ஓய்வு நாட்களில் இத்துறைக்கு வந்து, பிறர் வலை பொத்துவதைப் பார்த்து நிற்பது அவரது வழக்கம்.

“இவையளின்ர பெரிய வலையளை அரசாங்கங்கள் சேர்ந்து பறிச்ச கதை தெரியுமோ?” என்று கேட்டார். எமக்கு அது ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் 46/215 ஆம் தீர்மானம் என்ற அளவில்தான் தெரியும். ஒரு காலத்தில் மாணவருக்கு அதை இலக்கத்துடன் ஒப்பித்ததும் உண்டு.

வாளைப் போன்று நீண்ட மூக்குடைய மீனைப் பிடிக்கச் சிசிலிய மீனவர் இரவில் மிதக்கவிட்ட வலையை ‘ஸ்படாரா’ என்பர். பல கிலோமீற்றர் நீளமான அந்த வலை தேடிய மீனை மட்டும் பிடிக்கவில்லை. ஓங்கில்களும் ஆமைகளும், சில வேளைகளில் திமிங்கிலங்களும் அதில் சிக்கி மூச்சுத்திணறி மாண்டன. 1991 டிசெம்பரில் நிறைவேறிய மேற்படி தீர்மானம், அடுத்த ஆண்டு இறுதிக்குள் உலகின் ஆழ்கடல்களில் இத்தகைய பெருவலைகளை நிறுத்திவைக்குமாறு கோரியது. ஐரோப்பிய நாடுகள் 1992 இல் வலையின் நீளத்தை 2.5 கிலோமீற்றருக்குள் கட்டுப்படுத்தின. 2002 ஜனவரி முதல் சூரைக்கும் வாள்மூக்கு மீனுக்கும் அதை முற்றாகத் தடைசெய்தன. தொழிலை மாற்றிக்கொள்ள இத்தாலிய மீனவருக்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டது.

ஆயினும் சட்டம் எழுதிய கை வேறு, கடலைக் காவல்செய்யும் கை வேறு. வலைகள் தொடர்ந்து கடலில் இறங்கின. தடையை ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2009 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. தீர்மானம் பிறந்து அப்போது ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

நீலத்துடுப்புச் சூரையின் கதை சற்று ஆறுதலானது. சிசிலியின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பவிஞ்ஞானாத் தீவில், நூற்றாண்டுகளாக நடந்துவந்த சூரைவேட்டை 2007 உடன் நின்றுபோயிற்று. அதே 2007 இல் பன்னாட்டுச் சூரை ஆணையம் அனுமதித்த பிடிபாடு 29,500 தொன். விஞ்ஞானிகள் கேட்டதோ ஏறக்குறைய அதிற் பாதி. 2010 மார்ச்சில் தோகாவில் இம்மீனின் பன்னாட்டு வணிகத்தையே தடைசெய்ய மொனாக்கோ கொண்டுவந்த பிரேரணையை, யப்பான் முன்னின்று எதிர்க்க, 68 நாடுகள் நிராகரித்தன. ஆதரித்தவை 20 மட்டுமே. எனினும் அந்த அச்சுறுத்தல் வீண்போகவில்லை என்பது எமது எண்ணம். 2011 இல் அளவு 12,900 தொன்னாகக் குறைந்தது. 30 கிலோவுக்குக் குறைந்த மீனைப் பெரும்பாலும் தொடக்கூடாது என்ற விதியும் இறுகிற்று. 2021 இல் அம்மீன் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து விடுபட்டது.

பலேர்மோ என்றதும் எம்மவருக்கு வேறோர் உடன்படிக்கை நினைவுக்கு வரும். 2000 டிசெம்பரில் இந்நகரிலேதான் எல்லை கடந்த குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று, ஏஜென்சிக்காரரைப் பிடிக்கும் சட்டமென நாம் அறிந்தது அது. காட்டுயிர் கடத்துவோரையும் அதே சட்டத்தின்படி பாரதூரமான குற்றவாளிகளாகக் கொள்ளுமாறு 2015 இல் பொதுச்சபை அரசுகளைக் கேட்டுக்கொண்டது. அகதியை ஏற்றிவந்த படகுக்கும் ஆனைத்தந்தம் ஏற்றிவந்த படகுக்கும் ஒரே சட்டப் புத்தகம்!

இவற்றையெல்லாம் கேட்டபின் அன்பர் கேட்டார்: “இவங்களுக்குக் காசு குடுத்து வலையை நிப்பாட்டினாங்கள். எங்கட பக்கம் என்ன செய்தவை?”

கடலடியைச் சுரண்டும் இழுவைமடியை இலங்கை 2017 யூலையில் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக்கு நீரிணை இழுவைப்படகுகளைக் கைவிட்டு ஆழ்கடற் சூரைமீன் தொழிலுக்கு மாறுவோருக்குப் புதுப்படகு பெற மானியம் அறிவித்தது. படகின் விலை 80 இலட்சம் ரூபாய். அதில் எழுபது வீதத்தை அரசுகள் ஏற்பதாகத் திட்டம். மாறியவர் மிகச் சிலரே.

அன்பர் வியக்கவில்லை. “இறாலுக்குப் போறவன் ஒரு இரவிலை திரும்பி வாறவன். சூரைக்கெண்டால் கிழமைக்கணக்கிலை நடுக்கடலிலை நிக்கோணும். அந்தப் பழக்கத்தை ஆர் குடுக்கிறது?”

அவரது தம்பி இன்றும் குருநகரில் சிறுவலைத் தொழில் செய்கிறார். திங்கள், புதன், சனி ஆகிய மூன்று இரவுகளிலும் மறுகரை இழுவைப்படகுகள் வரும் என்று அஞ்சி அவர் வலை விரிப்பதில்லை. தம்பியின் தொலைபேசி பலேர்மோவில் ஒலிப்பதும் அந்த இரவுகளில்தான்.