கூடத்தில் ஒரு கதைசொல்லி

பழனிக் குன்றைப் பற்றிய கதை ஒன்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மாங்கனி ஒன்று, பிள்ளைகள் இருவர். உலகை முதலில் வலம்வந்து திரும்புவோருக்கே கனி என்பது ஏற்பாடு. இளையவர் மயிலேறிப் புறப்பட்டார். மூத்தவரோ தாய் தந்தையரைச் சுற்றி வந்து, அவர்களே தமக்கு உலகம் என்று கூறிக் கனியைப் பெற்றுக்கொண்டார். திரும்பி வந்த இளையவர் சினங்கொண்டு, யாவற்றையும் துறந்து, பழனியில் வந்து நின்றார் என்பது கதை.

இதனை நான் என் பாட்டியிடம் கேட்டபோது எனக்கு ஆறு வயது இருக்கும். "இது நியாயமா பாட்டி?" என்று கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. என் முகத்தைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று திருப்பிக் கேட்டார். இன்றைய என் பேச்சுக்கு அந்த வினாவே வித்து.

நான் கொடைக்கானலில் வாழ்பவன். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மழைக்காலத்து மாலைகள் நீண்டவை. ஐந்து மணிக்கே ஏரியை மூடுபனி சூழ்ந்துகொள்ளும். கதவை அடைத்துவிட்டு வீட்டார் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். முன்பு அங்கே பாட்டிமார் கதை சொன்னார்கள். பின்னர் வானொலி பேசியது. அதன்பின் தொலைக்காட்சி வந்தது. இப்பொழுது அத்தொலைக்காட்சியோடு பிணைத்து ஆடும் 'கன்சோல்' என்னும் விளையாட்டுக் கருவியும் சில வீடுகளில் இடம்பெற்றுவிட்டது. அதில் ஆடப்பெறும் மேலைநாட்டுக் கதை விளையாட்டுகள், குடும்பத்தார் கூடியிருக்கும் கூடத்துக்கு ஏற்றவைதாமா என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

'மேலைநாட்டுச் சரக்கு; ஆகவே வேண்டா' என்று தொடக்கத்திலேயே தள்ளிவிடுதல் எளிது. இம்மலையில் இருந்துகொண்டு அவ்வாறு சொல்ல எனக்கு நா எழவில்லை. 1845ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். 1901ஆம் ஆண்டில் அவர்களுடைய பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தோன்றியது. அன்று தொட்டே மேலைநாட்டுக் கதைகள் மலையேறி வந்துகொண்டிருக்கின்றன. அவற்றால் மலை கெட்டுவிடவில்லை. எனவே, எங்கிருந்து வந்தது என்பதை விடுத்து, வந்தது என்ன என்று பார்ப்போம்.

இவ்வகை விளையாட்டை ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என்பர். பாத்திரமேற்கும் விளையாட்டு என நாம் சொல்லலாம். ஓடுவதும் சுடுவதுமான விளையாட்டுகளில் கைவிரைவு முதன்மை பெறும். இதிலோ முடிவெடுத்தல் முதன்மை பெறுகிறது. ஆடுபவர் ஒரு கதைமாந்தராகவே ஆகிவிடுகிறார். அவரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்படுகிறது. அதனைச் செய்து முடிக்க வழிகள் பல. வழிக்கு வழி விளைவு வேறு. மாங்கனிக் கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். உலகைச் சுற்றுவது வேலை. மயிலேறிப் பறப்பது ஒரு வழி. பெற்றோரை வலம்வருவது மற்றொரு வழி. ஒன்றன் விளைவு கனி. மற்றொன்றன் விளைவு பிரிவு. பாட்டி என்னிடம் கேட்ட வினாவைத்தான் இவ்விளையாட்டும் ஆடுபவரிடம் ஓயாது கேட்கிறது.

இது பிறந்தது ஒரு மேசையைச் சுற்றி. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அதற்கு வேண்டுவன தாளும் எழுதுகோலும் பல முகங்கொண்ட பகடைகளுமே. நண்பர்கள் சிலர் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் கதைசொல்லி, மற்றையோர் கதைமாந்தர். 'காட்டினுள் ஒரு கதவு தெரிகிறது, என்ன செய்வீர்கள்?' என்று கதைசொல்லி கேட்பார். அவரவர் தம் கருத்தைச் சொல்வர். கதைசொல்லி கேட்போர் முகம் பார்த்தே கதையை நடத்த முடியும். சிறுவர் இருந்தால் பேயைச் சற்றுச் சிறிதாக்கலாம். ஒருவர் அஞ்சினால் கதையை வேறு பாதையில் திருப்பலாம்.

சில ஆண்டுகளில் இவ்விளையாட்டு கணிப்பொறிக்குள் புகுந்தது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகிய இரண்டும் பெரும்புகழ் பெற்றன. அவற்றில் ஈடுபட்ட ஜப்பானியர், 1986ஆம் ஆண்டில் 'டிராகன் குவெஸ்ட்' என்பதைத் தம் நாட்டு வீட்டுக் கருவிக்கென ஆக்கினர். அங்கிருந்து கிளை இரண்டாயிற்று. ஜப்பானியக் கிளையில் பெரும்பாலும் கதைமாந்தர் முன்னரே வரையறுக்கப்பட்டவர். கதை ஆற்றொழுக்காகச் செல்லும். மேலைக் கிளையில், ஆடுபவரே தம் கதைமாந்தரை ஆக்கிக்கொள்வதும், நல்லதோ தீயதோ தம் விருப்பப்படி செய்து அதன் பயனைக் காண்பதும் மிகுதி. ஆனால், மேசையை விட்டுக் கணிப்பொறிக்கு மாறிய அந்த மாற்றத்தில் பலரும் கவனியாத இழப்பு ஒன்று நேர்ந்தது. அருகே இருந்த கதைசொல்லி அறையைவிட்டு அகன்றுவிட்டார். கணிப்பொறி கதை சொல்லும். கேட்பவர் முகத்தைப் பாராது.

இனி, குடும்பக் கருவியைப் பார்ப்போம். 1889ஆம் ஆண்டில் ஜப்பானில் சீட்டுக்கட்டுச் செய்யும் கடையாகத் தோன்றிய நிண்டெண்டோ நிறுவனம், 1983ஆம் ஆண்டில் தான் வெளியிட்ட கருவிக்குக் 'குடும்பக் கணிப்பொறி' என்றே பொருள்படும் பெயரைச் சூட்டியது. டிராகன் குவெஸ்ட் முதலில் ஆடப்பெற்றது அதில்தான். சிறுவரும் முதியவரும் உடனிருந்து ஆடத்தக்க விளையாட்டுகளுக்கு அந்நிறுவனம் இன்றளவும் பெயர் பெற்று விளங்குகிறது. ஆயினும், 2017ஆம் ஆண்டில் அது வெளியிட்ட 'ஸ்விட்ச்' கருவிக்கு, அதே ஆண்டில் 'ஸ்கைரிம்' என்னும் அமெரிக்க விளையாட்டு வந்து சேர்ந்தது. 2019ஆம் ஆண்டில் போலந்து நாட்டின் 'தி விட்சர் 3' வந்து சேர்ந்தது. இரண்டும் உலகப் புகழ் பெற்ற படைப்புகள். இரண்டையும் 17 வயது நிறைந்தவர்க்கே உரியன என அமெரிக்கத் தர வாரியம் வகுத்துள்ளது. தி விட்சர் 3 விளையாட்டைக் கிளைக்கதைகளோடு ஆடி முடிக்க நூறு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குடும்பக் கருவியில் ஆடலாம் என்பதனாலேயே ஒன்று குடும்பத்துக்கு உரியதாகிவிடாது என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

தர வாரியம் என்றேனல்லவா? 1993ஆம் ஆண்டில் அமெரிக்க மேலவை உறுப்பினர்கள் இவ்விளையாட்டுகளில் காணும் வன்முறையைப் பற்றி விசாரணை நடத்தினார்கள். அதன் விளைவாக மறு ஆண்டே அத்தொழிலினர் தமக்குள் ஒரு தர வாரியத்தை அமைத்துக்கொண்டனர். ஐரோப்பாவில் 2003ஆம் ஆண்டு முதல் 3, 7, 12, 16, 18 என்னும் எண்களைப் பெட்டியின் மீது பொறிக்கின்றனர். நம் நாட்டுத் திரைப்படங்களுக்கு 'யு', 'ஏ' என்று சான்றளிப்பதை ஒத்தது இது. வாங்குமுன் அந்த எண்ணைப் பார்த்தல் பெற்றோரின் முதற் கடமை. ஆனால், குருதி, வசைமொழி, காமம், சூது போன்றவை எவ்வளவு உள்ளன என்பதைத்தான் அந்த எண் உணர்த்தும். கதை எத்தகையது என்பதை அது உணர்த்தாது. அக்கதை இந்த வீட்டில் யாருடைய புண்ணைத் தொடும் என்பதையும் உணர்த்தாது.

இதனை நான் பட்டறிந்தே சொல்கிறேன். சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை, கல்லூரியில் பயிலும் என் பெயரன் கூடத்தில் மேலைநாட்டுக் கதை விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். அவன் வயதுக்கு அது பொருந்தியதே. அடுத்த வீட்டுச் சிறுமி, ஒன்பது வயதினள், வழக்கம்போல வந்து பாயில் அமர்ந்திருந்தாள். நான் செய்தித்தாளில் ஆழ்ந்திருந்தேன். திரையில் ஒரு குடிசை. குடித்துவிட்டு வந்த ஒருவன் தன் மனைவியை அடிக்கக் கை ஓங்குகிறான். தடுப்பதா, தன் வழியே செல்வதா என்று விளையாட்டு கேட்டது. பெயரன் வேறொரு வேலையை முடிக்கும் விரைவில் இருந்தான். தன் வழியே சென்றுவிட்டான். சிறுமி எழுந்து என் நாற்காலியருகே வந்து, "தாத்தா, அண்ணன் ஏன் பேசாமப் போயிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

அவள் வீட்டில் இரவுதோறும் நடப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். நாங்கள் எல்லோரும் பேசாமல் சென்றுகொண்டிருந்தவர்கள்தாம்.

பெயரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான். அன்றிரவு அவன் சரியாக உண்ணவில்லை. மறுநாள் நானும் என் மனைவியும் அச்சிறுமியின் தாயிடம் சென்று பேசினோம். பெண்களுக்கான 181 என்னும் உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். அதன் பின்னர் நடந்தவை இப்பேச்சுக்கு உரியன அல்ல.

அந்த விளையாட்டு தீயதா என்று நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். தீயது என்று சொல்ல முடியவில்லை. இருபது வயது இளைஞனை அது தன் செயலுக்கு நாணச் செய்தது; நல்ல கதை செய்ய வேண்டிய பணியே அது. ஆனால், அதே காட்சி ஒன்பது வயதுச் சிறுமியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பிழை, செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த என்னுடையது. கதைசொல்லி இருக்க வேண்டிய நாற்காலியில் நான் வெறுமனே அமர்ந்திருந்தேன்.

ஆகவே, என் முடிவை இவ்வாறு வகுத்துக் கூறுவேன். வயது எண் ஆடுபவருக்கு மட்டும் உரியதன்று. கூடத்தில் அமர்ந்து காண்பவருக்கும் உரியது. அங்கிருப்போருள் மிக இளையவர் எவரோ, அவரே அளவுகோல். வளர்ந்தவர்க்குரிய கதையை வளர்ந்தவர்கள் சிறுவர் உறங்கிய பின்னர் ஆடட்டும், அதில் இழுக்கில்லை. நூறு மணி நேரம் ஒருவரே ஆட மற்றவர் பார்த்திருக்கும் விளையாட்டைவிட, சில மாலைகளில் முடிந்து, 'என்ன செய்யலாம்?' என்று எல்லோரும் கூடிப் பேச இடந்தரும் விளையாட்டே குடும்பத்துக்கு உகந்தது. மற்றொன்று: ஸ்விட்ச் போன்ற கருவியைத் தொலைக்காட்சியிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் செல்லலாம். சிறுவர் அவ்வாறு தனியே செல்லும்போது கதை மட்டுமே உடன் செல்கிறது, கதைசொல்லி செல்வதில்லை.

இவ்வளவில், மேலைநாட்டுக் கதை விளையாட்டு யாவும் கூடத்துக்கு ஒவ்வாதவை என்று கொள்ள வேண்டா. 2015ஆம் ஆண்டில் டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட 'அண்டர்டேல்' என்னும் பாத்திரமேற்கும் விளையாட்டில், எதிர்ப்படும் அரக்கர் எவரையும் கொல்லாமலே, பேசியும் பொறுத்தும் கதையை முடிக்கலாம். பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்க்கு அது ஏற்றது என்பது அமெரிக்க வாரியத்தின் முடிவு.

இன்னும் அணுக்கமான சான்று நம்மவரிடமிருந்தே வந்திருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம், 2023ஆம் ஆண்டில் 'வெண்பா' என்ற கதை விளையாட்டை வெளியிட்டது. ஸ்விட்ச் கருவியிலும் அது கிடைக்கிறது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடா சென்ற வெண்பா என்னும் தாய், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரைப் பற்றியது கதை. இதனைப் பாத்திரமேற்கும் விளையாட்டு என வகைப்படுத்துவார் இலர்; ஆயினும் நாம் கதைமாந்தராகி, சிதைந்துபோன சமையற் குறிப்பைக் கொண்டு சமைத்து, அவர்களுக்காகப் பேசவும் வேண்டும். போர் இல்லை, குருதி இல்லை. ஆனால் துயரம் உண்டு; தாய்மொழியை விட்டு விலகும் மகனும், அவனைக் காத்திருக்கும் தாயும் உண்டு. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். 2024ஆம் ஆண்டில் பிரிட்டனின் 'பாஃப்டா' அமைப்பு, முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

தை மாதத்தில் ஒரு மாலை இதனை எங்கள் கூடத்தில் ஆடினோம். ஆங்கில உரையாடலைப் பெயரன் தமிழாக்கிச் சொன்னான். இட்டலித் தட்டுகளை அடுக்கும் கட்டம் வந்தபோது, கணிப்பொறியைத் தொட்டறியாத என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, "அப்படி வச்சா ஆவி எப்படி ஏறும்?" என்று கேட்டு வழிகாட்டினாள். அடுத்த வீட்டுச் சிறுமி கைகொட்டிச் சிரித்தாள். பின்னர்க் கவின் தாயிடம் முகங்கொடுத்துப் பேசாத இடம் வந்தது. சிறுமி பெயரனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். இம்முறை என் கையில் செய்தித்தாள் இல்லை. "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று நான் அவளைக் கேட்டேன். அவள் நெடுநேரம் பேசினாள். நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் உங்கள் வீட்டில் மூத்த பிள்ளைகள். இக்கருவிகளைப் பெற்றோரைவிட நீங்களே நன்கு அறிவீர்கள். ஆதலால் அந்தக் கதைசொல்லியின் இடத்தில் அமர வேண்டியவர்களும் பெரும்பாலும் நீங்களே. ஆட்டத்தைத் தொடங்குமுன் பெட்டியின் மீதுள்ள எண்ணைப் பாருங்கள். அதன்பின் பாயில் அமர்ந்திருப்பது யார் என்று திரும்பிப் பாருங்கள். இடையிலே ஒரு சிறு குரல் எதையேனும் கேட்டால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதற்கு விடை கூறுங்கள்.