களத்துமேட்டுக்கு ஒரு மடக்குப் பந்தல்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே கிடக்கும் படுவான்கரை வயல்களைச் செய்வோரிற் பலர், வாவியின் கிழக்கே எழுவான்கரை ஊர்களிற் குடியிருப்போரே யாவர். விதைப்புக் காலத்தும் அறுவடைக் காலத்தும் அவர்கள் வாவியைக் கடந்து சென்று, வயலருகே வாடி அமைத்துத் தங்கிக் கருமம் முடித்து மீள்வது நெடுநாள் வழக்கம். வாடி என்பது நாட்டுக் கம்புகளை நட்டு, கிடுகோ இலுக்கோ வைக்கோலோ வேய்ந்த சிறு கொட்டில். ஒரு போகத்துக்கு அது போதும். அடுத்த போகத்தில் மீண்டும் கம்பு வெட்ட வேண்டும், மீண்டும் கிடுகு ஏற்ற வேண்டும். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பெறும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் செல்வோர் இவை யாவற்றையும் "பாதை" எனப்படும் மிதவையிலேற்றியே கொண்டு சென்றனர்.

வாடி மனிதருக்குத் தங்குமிடம். இங்கே கூறப்புகுவது நெல்லுக்குத் தங்குமிடம். முன்னாளில் நெல்லுக்கெனத் தனியே ஒரு கூரை வேண்டப்படவில்லை. வெட்டிய உப்பட்டியைக் காயவிட்டுக் கட்டிக் களத்துக்குக் கொணர்ந்து, கதிர்ப்பக்கம் உள்ளேயும் தாட்பக்கம் வெளியேயும் இருக்கச் சூடு வைத்தனர். நன்றாக வைத்த சூட்டின் மேல் மழை பெய்தால் நீர் தாள் வழியே வழிந்தோடும். உள்ளிருக்கும் மணி நனையாது. சூடே தனக்குத் தான் கூரையாயிற்று. சூடு மிதிப்பதற்கு நல்ல நாளும் ஆளும் கிடைக்கும் வரை கமக்காரர் அச்சமின்றிக் காத்திருக்கலாம்.

அறுவடை இயந்திரம் வந்தபின் இந்த ஒழுங்கு மாறிற்று. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகின்றது. ஆயின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட நெல் முழுவதும் ஒரே பொழுதில் மணியாக வந்து குவிகின்றது. அதனைக் காக்கச் சூடும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. பச்சை நெற் குவியல் தன்னுள்ளே வெப்பங் கொள்ளும். ஒரு நாள் ஓரிரவு கிளறாது விட்டாலே மணி மஞ்சளிக்கத் தொடங்கும், விதை நெல்லாயின் முளைதிறன் குன்றும். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும் நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினான்கிற்கு மேற்படலாகாது. இருபதுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாள்களிலேயே ஒரு போகத்தின் உழைப்புத் தங்கியிருக்கின்றது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வருவது. வடகீழ்ப் பருவமழை சில ஆண்டுகளில் அதுவரை ஓய்வதில்லை. 2011ஆம் ஆண்டு சனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பு மாவட்டத்தில் வெள்ளம் இருமுறை வந்து விளைந்த வயல்களை அழித்ததை எவரும் மறந்திரார். அத்தகைய வெள்ளத்துக்கு எப்பந்தலும் மருந்தன்று. ஆனால் மாலையில் அரைமணி நேரம் பெய்து ஓயும் பாட்ட மழையால் நேரும் நட்டத்தைத் தடுத்தல் இயலும்.

மழை கண்டவுடன் குவியலின் மேலேயே படங்கை இழுத்து மூடுவது பொதுவான வழக்கம். மழை நின்றபின் வெயில் ஏறும்போது படங்கின் கீழ் நெல் வியர்க்கின்றது. அவ்வியர்வை படங்கிற் பட்டுத் திரும்ப நெல்லின்மேற் சொட்டுகின்றது. மேலிருந்து வந்த நீரைத் தடுத்தோமென நினைக்கையில் உள்ளிருந்தே நெல் நனைகின்றது. படங்குக்கும் நெல்லுக்குமிடையே காற்று உலாவ இடமிருத்தல் வேண்டும். அதற்குக் கால்களும் முகட்டு வளையும் உள்ள பந்தலே ஏற்றது. களம் ஓரிடத்தில் நில்லாதது. இன்று வவுணதீவில் ஒரு கண்டம், அடுத்த கிழமை வெல்லாவெளியில் வேறொரு கண்டம் என மாறும். ஆதலின் அப்பந்தல் கழற்றிக் கட்டி எடுத்துச் செல்லத்தக்கதாயும் இருத்தல் வேண்டும்.

பட்டணத்துக் கடைகளிற் கத்தரிபோல் விரிந்து மடங்கும் சட்டப் பந்தல்கள் கிடைக்கின்றன. இவ்வகைக் கத்தரிச் சட்டத்தை ஒரு பெரிய அரங்குக்கே கூரையாக விரிக்கலாமென எசுப்பானிய நாட்டுக் கட்டடக் கலைஞர் எமிலியோ பெரெசு பிஞேரோ என்பவர் 1961ஆம் ஆண்டு காட்டினார். இது அழகிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. கண்காட்சிக்கும் கலியாண வீட்டுக்கும் அது பொருந்தும். களத்துமேட்டுக்குப் பொருந்தாது. அதன் மூட்டுகள் பல; ஒரு மூட்டிற் சேறு புகுந்தால் முழுச் சட்டமும் மடங்க மறுக்கும், ஒரு சலாகை முறிந்தால் முழுவதும் சாயும், திருத்துவதற்குப் பட்டறைக்கே போகவேண்டும். கமக்காரர் தம் கையாலே செய்து தம் கையாலே திருத்தக்கூடிய பந்தலே அவருக்கு உரியது.

அளவும் உறுப்பும்

படங்கிலிருந்தே அளவைத் தொடங்குதல் நன்று. நான்கு மீற்றர் அகலமும் ஐந்து மீற்றர் நீளமும் உடைய வெண்ணிறத் தறப்பாள், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னும் இடப்பெயர்வுக் காலங்களிலும் இம்மாவட்டத்தார் நன்கறிந்த பொருள். அடிக்கணக்கிற் கூறின் அது ஏறத்தாழப் பதின்மூன்றடி அகலம், பதினாறரை அடி நீளம். இதனை முகட்டின் மேல் நடுவாக இட்டால் இருபுறமும் ஆறரை அடி வீதம் சரியும். முகட்டின் உயரம் எட்டடி, இறப்பின் உயரம் நாலரை அடி என வைத்துக்கொண்டால், உள்ளே பதினோரடி அகலமும் பதினாறடி நீளமும் உடைய இடம் கிடைக்கும். சாரல் படாதிருக்கச் சுற்றிவர இரண்டடி விட்டு, நடுவில் ஓரடி உயரத்துக்கு நெல்லைப் பரப்பினால் ஏறத்தாழ 1300 கிலோகிராம் அடங்கும். பச்சை நெல்லை அவ்வளவு தடிப்பாகப் பரப்புவது மழை நேரத்துக்கு மாத்திரமே. மழை விட்டதும் மெல்லிதாக விரித்துக் கிளறுதல் வேண்டும்.

சரிவு குறையலாகாது. உயரம் வேண்டுமென்று இறப்பைத் தூக்கிக் கட்டுவோர் பலர். இறப்புத் தூக்கினால் கூரை தட்டையாகும், தட்டையான கூரையில் நீர் தேங்கும். ஒரு சதுர மீற்றர் இடத்தில் பத்துச் சதமமீற்றர் ஆழத்துக்குத் தேங்கும் நீரின் எடை 100 கிலோகிராம். படங்கு கிழியும், அல்லது வளை முறியும். உள்ளே செல்லும்போது குனிய நேர்வது சிறு துன்பம், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சட்டத்துக்கு முகட்டுக்கால் மூன்று, இறப்புக்கால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு. முகட்டு வளை ஒன்று, இறப்பு வளை இரண்டு. வளை ஒவ்வொன்றும் பதினாறடி நீளமாதலால், ஒவ்வொன்றையும் எட்டடித் துண்டு இரண்டாகச் செய்தல் வேண்டும். இவ்வாறு எல்லாமாகப் பதினைந்து துண்டுகள். எட்டடிக்கு மேல் நீண்டது ஒன்றுமில்லை. உழவு இயந்திரப் பெட்டியிலும் தோணியிலும் அவை இலகுவில் அடங்கும். இரு துண்டும் கூடும் மூட்டு நடுக்காலின் மேலேயே விழுமாறு அமைத்தல் இன்றியமையாதது. நடுக்காலின்றி முனைக்கால்களை மாத்திரம் நட்டால் வளை தொய்யும்; உட்புறம் சற்று இடைஞ்சலாயினும் நடுக்காலை விடலாகாது.

20 மில்லிமீற்றர்க் கல்வனைசுக் குழாய் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுள்ளது. சட்டம் முழுவதும் நாற்பத்தைந்து கிலோவரையில் வரும். அக்குழாயின் உள்ளே 15 மில்லிமீற்றர்க் குழாய் செம்மையாக நுழையும். அதில் ஓரடித் துண்டை வெட்டி உட்செருகினால் அதுவே மூட்டு. கால்களின் தலையில் பிளந்த குழாய்த் துண்டைக் கிண்ணம்போல் ஒட்டவைத்து, வளையை அதிற் கிடத்திக் கயிற்றாற் கட்டுக. திருகாணியும் சுரையும் வைத்துச் செய்தல் அழகு. ஆனால் சேற்றில் விழுந்த சுரையைத் தேடி எடுத்தவர் எவர்? கயிறு தொலைந்தால் வேறு கயிறு கிடைக்கும்.

குழாய்க்குப் பணமில்லாதோர் மூங்கிலாற் செய்யலாம். நிறையும் மிகக் குறையும். முற்றிய மூங்கிலை வெட்டி, சில கிழமை நிழலில் உலரவிட்டுப் பயன்படுத்துதல் வேண்டும். கால்களுக்குக் கவருள்ள நாட்டுக் கம்பு கிடைத்தால் கிண்ணம் வேண்டுவதில்லை. கவைக்கால் நம்மவர்க்குப் புதியதன்று. வாவிக்கரையிலுள்ள கண்ணா மரங்களை இதற்காக வெட்டலாகாது. அவை பாதுகாக்கப்பட்டவை, மீனும் இறாலும் குஞ்சு வளர்க்குமிடமும் அவற்றின் வேரடியே.

காற்றும் கயிறும்

பந்தலைக் கெடுப்பது பெரும்பாலும் மழையன்று, காற்று. தறப்பாளும் சட்டமும் கயிறும் சேர்ந்து ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேற்படா. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று அதே கூரையை 150 கிலோ எடையளவான விசையுடன் தூக்கவல்லது. மழைக்கு முன் வரும் குமுறற் காற்று 60 கிலோமீற்றர் வேகத்தை எட்டினால், அவ்விசை 340 கிலோவாகும். வேகம் இருமடங்காயின் விசை நான்கு மடங்காகும் என்பது கணக்கு. ஆகவே பந்தல் விழுந்துவிடுமோ என்பதிலும் பறந்துவிடுமோ என்பதே கூடிய கவலைக்குரியது. அறபு நாட்டு இடையரின் கறுப்புக் கூடாரத்திற் கால்கள் துணியைத் தாங்குகின்றன. கூடாரத்தை நிறுத்தி வைப்பவை நீண்டு இழுத்துக் கட்டிய கயிறுகளே. மரமில்லாப் பாலைநிலத்தார் கண்ட இவ்வுண்மை வெட்டவெளியான வயலுக்கும் பொருந்தும்.

கயிறு எட்டு வேண்டும்: முகட்டின் இரு முனைக்கு இரண்டு, இறப்புக்கால் ஆறுக்கும் ஆறு. ஒவ்வொன்றும் நிலத்தோடு பாதிச் சரிவாக இறங்கவேண்டும். மேற்கூறிய குமுறற் காற்றில் ஒரு கயிறு 60 கிலோ வரை இழுபடுமாதலால், கைவிரற் பருமனுள்ள நல்ல கயிறே தகும். பருத்திக் கயிறும் சணற் கயிறும் நனைந்தால் சுருங்கி இறுகும். இரவில் மழை வருமெனத் தோன்றினால் சற்றுத் தளர்த்திவிட்டு உறங்குக. நைலோன் கயிறு அதற்கு மாறாக நனைந்தால் நீளும். அதனை மழையின் பின் இழுத்துக் கட்டுதல் வேண்டும்.

முளை இரண்டடி நீளமாயிருக்கட்டும். அதன் தலை பந்தலுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்குமாறு அடிக்க. காய்ந்த களித்தரையில் முளை உறுதியாய் நிற்கும். அதே களி நனைந்தால் வெண்ணெய்போல் நெகிழும். வாவிக்கரை மணலிலோ முளை நிற்கவே நில்லாது. அங்கெல்லாம் நெற் சாக்கில் மணலை நிரப்பி, இரண்டடிக் குழியிற் படுக்கையாகப் புதைத்து, அதன் நடுவிற் கயிற்றைக் கட்டி மண்ணை மிதித்து மூடுக. வெறும் சாக்கு நிலத்தின்மேற் கிடப்பதிலும் புதைத்த சாக்குப் பன்மடங்கு தாங்கும். கால்களின் அடியிலும் ஒவ்வொரு பலகைத் துண்டு வைத்தல் நன்று. அன்றேல் ஈரத்தரையில் ஒரு கால் புதைய, முகடு கோணி, நீர் ஒருபக்கம் திரளும்.

சிறுபோக அறுவடையிற் கச்சான் காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது முகட்டைக் கிழக்கு மேற்காக நிறுத்துக. பெரும்போகத்தில் வாடைப்பக்கம் நோக்கி நிறுத்துதல் வேண்டும். காற்றுப் பக்கத்து இறப்பின் கீழே வைக்கோற் கட்டுகளை அடுக்கினால் சாரலும் தடைப்படும். நான்கு புறமும் அடைத்துவிட்டால் காற்று உலாவாது, நெல் வியர்க்கும்.

பந்தல் எவற்றுக்கு உதவாது என்பதையும் அறிதல் வேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி கல் வீடுகளின் கூரையையே கொண்டு சென்றது; கரையோரத் தென்னைகளைப் பெருவாரியாக வீழ்த்திற்று. சூறாவளி எச்சரிக்கை கேட்டவுடன் படங்கைக் கழற்றிச் சுருட்டி, சட்டத்தை நிலத்திற் கிடத்திவிட்டு ஊருக்குத் திரும்புக. இடி மின்னல் வேளையிலும் பந்தலின் கீழ் நிற்றல் தகாது. வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் பொருள் அதுவே. இரும்புக் காலாயினும் மூங்கிற் காலாயினும் ஆபத்து ஒன்றே. பங்குனி சித்திரையில் பிற்பகலில் இடிமுழக்கம் கேட்டால் நெல்லை மூடிவிட்டு நல்ல கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ செல்க. நெல் நனைந்தால் உலர்த்தலாம். யானை திரியும் பகுதிகளில் நெற்குவியலின் அருகே பந்தலில் உறங்குவதும் கூடாது; காவலுக்குப் பரணே உரியது.

நிறுத்த இருவர் போதும், மூவராயின் இலகு. முதலில் முகட்டு வளையை நிலத்திற் பொருத்தி, படங்கை அதன்மேலிட்டு நடுவிற் கட்டி, பின் மூன்று முகட்டுக்காலையும் பொருத்தி ஒருசேர உயர்த்துக. ஒருவர் பிடித்திருக்க மற்றவர் முனைக்கயிறு இரண்டையும் கட்டுக. அதன்பின் காற்று வரும் பக்கத்து இறப்பு, ஈற்றில் மறுபக்கம். கழற்றும்போது இதனை மாற்றிச் செய்க. காற்றுப் பக்கத்தை முதலில் அவிழ்த்தவர், படங்கை அடுத்த வயலிலிருந்து எடுத்துவர நேரும்.

வாவி நீர் உவர்நீராகையால், தோணியில் ஏற்றி வந்த குழாய்களை நன்னீராற் கழுவித் துடைத்து, வெட்டிய முனைகளுக்கு மை பூசி வைத்தல் வேண்டும். படங்கை ஈரத்துடன் மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் நெடுநாள் கிடந்தால் பொடிந்து போகும். உலர்த்தி, மடிப்புத் தழும்பு ஒரே இடத்தில் விழாதவாறு சுருட்டி, எலி எட்டாத உயரத்தில் வளையிலே தொங்கவிடுக. கட்டும்போது பதினைந்து துண்டும் எட்டுக் கயிறும் மூன்று செருகு குழாயும் உளவோ என எண்ணிப் பார்த்தல் நன்று. செருகு குழாய் ஒன்று குறைந்தாலும் அடுத்த களத்தில் வளையைக் கூட்டல் இயலாது.