பழைய மோட்டார் வண்டியும் குளிராக்கித் திரவமும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்குச் செல்லும் பாதை ஏற்றமும் வளைவும் மிக்கது. தேயிலைத் தோட்டங்களினூடே அப்பாதையில் ஏறும் பழைய மோட்டார் வண்டியின் எஞ்சின் மிகுந்த வெப்பமடைதல் இயல்பே. 1948ஆம் ஆண்டு முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பெற்ற மோரிஸ் மைனர் போன்ற வண்டிகள் இலங்கையில் இன்றும் ஓடுகின்றன. இவற்றிற்கு ஏற்ற குளிராக்கித் திரவம் யாது? புதியதும் விலைமிக்கதுமே சிறந்தது எனப் பலர் கருதுவர். அக்கருத்து ஈண்டுப் பொருந்தாது.

முதற்கண் இடத்தை நோக்குவோம். கடல் மட்டத்தில் நீர் 100 பாகை சதமவளவையிற் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீற்றர் உயருந்தோறும் அக்கொதிநிலை ஒரு பாகை குறையும். ஆதலின் பதுளையில் 98 பாகையளவிலும், நுவரெலியாவில் 94 பாகையளவிலும் நீர் கொதிக்கின்றது. ரேடியேற்றர் மூடி உள்ளமுக்கத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்தும். மூடி பழுதாயின் அப்பயன் இல்லை. எதிலீன் கிளைக்கோல் சரிபாதி கலந்த நீர் கடல் மட்டத்தில் 107 பாகையளவிற் கொதிக்கும். எனினும் கிளைக்கோல் நீரைவிடக் குறைந்த வெப்பத்தையே சுமக்கவல்லது. ஆகவே அதனைப் பாதிக்கு மேற் கலத்தல் தவறு. நீர் உறைந்து எஞ்சினைப் பிளக்கும் அச்சம் இம்மலைநாட்டில் இல்லை. இங்கு இத்திரவத்தின் தலையாய பணி உலோக அரிப்பைத் தடுத்தலேயாம்.

அடுத்து உலோகத்தை நோக்குவோம். பழைய எஞ்சின் வார்ப்பிரும்பாலானது. ரேடியேற்றரோ செம்பும் பித்தளையும் ஈயப் பற்றாசினால் இணைக்கப்பெற்றது. இவ்வுலோகங்களுக்கு உரியவை சிலிக்கேற்று, பொசுபேற்று, போரேற்று முதலிய அசேதன உப்புகள் சேர்ந்த பழைய முறைத் திரவங்கள். 1990களின் நடுவிற் பரவிய சேதன அமிலத் திரவங்கள், அலுமினியம் மிகுந்த புதிய எஞ்சின்களுக்கென அமைந்தவை. அவை நெடுநாள் உழைக்கும். ஆயினும் அவற்றுட் பல ஈயப் பற்றாசைப் போதியவாறு காப்பதில்லை. பற்றாசு அரிக்கப்படின் ரேடியேற்றர் ஒழுகும். நிறத்தைக் கொண்டு வகையைத் துணிதலும் பிழை. பச்சை, சிவப்பு என்பன சாயங்களே. உற்பத்தியாளர்தோறும் அவை வேறுபடும். புட்டியின் மேல் எழுதப்பட்டுள்ள வகையையே படித்தறிதல் வேண்டும். இருவகைத் திரவங்களையும் ஒன்றாகக் கலத்தலும் ஆகாது, காப்பாற்றல் குன்றும்.

இனிப் பயன்படுத்தும் முறை. திரவத்தை மூன்றிலொரு பங்குக்குக் குறையாமற் கலத்தல் நன்று; குறையின் அரிப்புத்தடை வலுவிழக்கும். கலக்கும் நீர் வடித்த நீராதல் வேண்டும். ஊற்றுநீரிலுள்ள சுண்ணம் முதலியன குழாய்களிற் படிந்து அடைக்கும். பழைய முறைத் திரவத்தின் உப்புகள் நாளடைவிற் செலவாகிவிடுவதால், இரண்டாண்டுக்கொரு முறை அதனை முற்றாக மாற்றுதல் வேண்டும். வெளியேற்றிய திரவம் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளும் விலங்குகளும் அணுகாவண்ணம் அதனைக் காத்தல் கடன்.

பாதையோரத்தில் நீராவி கக்கி நிற்கும் வண்டியின் மூடியை உடனே திறந்து ஓடைநீரை வார்ப்பாரும் உளர். கொதிநீர் பீறிட்டுக் கையையும் முகத்தையும் சுடும். குளிர்ந்த நீர் பட்ட வார்ப்பிரும்பு வெடிக்கவுங்கூடும். எஞ்சினை நிறுத்தி, அது முற்றும் ஆறும்வரை பொறுத்தலே அறிவுடைமை.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வகுத்தார். உலோகத்தின் வலியும், திரவத்தை மாற்றுங் காலமும், வண்டி ஏறும் இடமும் அறிந்து தேர்வார்க்குப் பழைய வண்டியும் நெடுங்காலம் உழைக்கும்.