பனித்திடலில் ஒரு மௌனம்

வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த நமக்குக் குளிர்கால ஒலிம்பிக் விழா ஒரு விந்தை உலகம். எங்கு நோக்கினும் வெண்பனி. பறவை போல் காற்றில் மிதந்து இறங்கும் வீரர்கள். அணி அணியாகச் செல்லும் கொடிகள். தொலைக்காட்சியின் முன் குடும்பத்தோடு அமர்ந்து காண்கையில் குழந்தைகளின் கண்கள் விரிகின்றன. ஆனால், வியப்போடு வேதனையையும் நெஞ்சில் பதித்த தொடக்க விழா ஒன்று உண்டு. அது 1994 பிப்ரவரி 12 அன்று நார்வே நாட்டின் லில்லஹாமர் நகரில் நடைபெற்றது.

அவ்விழாவின் ஒளிப்பதிவை இன்று காண்பவரும் அதன் எளிமையில் உள்ளம் நெகிழ்வர். பனிச்சறுக்கித் தாவும் மலைச்சரிவே அரங்கம். கடலோடி ஆய்வாளர் தோர் ஹெயர்டாலும் நடிகை லிவ் உல்மனும் விழாவை நடத்தித் தந்தனர். மன்னர் ஐந்தாம் ஹரால்ட் போட்டிகளைத் தொடங்கி வைத்தார். ஸ்டெய்ன் குரூபன் என்ற வீரர் கையில் ஜோதியை ஏந்தியபடியே உயரத்திலிருந்து சறுக்கி, காற்றில் பாய்ந்து இறங்கினார். அந்த ஜோதியைக் கொண்டு பட்டத்து இளவரசர் ஹாகோன் பெருவிளக்கை ஏற்றினார்.

இத்தனை கோலாகலத்திற்கும் நடுவே, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஹுவான் அந்தோனியோ சமரான்ச் பேச எழுந்தார். சரயேவோ நகரை நினைவுகூர்ந்தார். கொலையை நிறுத்துங்கள், துப்பாக்கிகளைக் கீழே போடுங்கள் என்று மன்றாடினார். அந்நகர மக்களுக்காக எழுந்து நின்று மௌனம் காக்குமாறு வேண்டினார். திரண்டிருந்த பெருங்கூட்டம் எழுந்து நின்றது. ஆரவாரம் அடங்கியது.

விளையாட்டுத் திடலில் ஏன் இந்தத் துயரக் குரல்? விடை காணப் பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அன்று கண்ட சரயேவோ

1984 பிப்ரவரி 8. அன்றைய யூகோஸ்லாவியாவின் ஓர் அங்கமாக இருந்த போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில், கொஷேவோ விளையாட்டரங்கம் விழாக்கோலம் பூண்டிருந்தது. 49 நாடுகளின் அணிகள் அங்கே திரண்டன. மலைகள் சூழ்ந்த அந்நகரில் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் யூத ஆலயமும் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் நின்றன. முஸ்லிம்களும் செர்பியர்களும் குரோஷியர்களும் யூதர்களும் அண்டை வீட்டாராய் வாழ்ந்த ஊர் அது. விருந்தினரை வரவேற்க ஊரே திரண்டு நின்றது. யூரே பிராங்கோ என்ற வீரர் வெள்ளிப் பதக்கம் வென்று, குளிர்கால ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவின் முதல் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். அவர் பிறந்தது ஸ்லோவேனியாவில். அவருக்காக ஆர்ப்பரித்ததோ சரயேவோ மக்கள்.

எட்டே ஆண்டுகளில்

1992 ஏப்ரலில் அந்நகரைச் செர்பியப் படைகள் முற்றுகையிட்டன. 1996 பிப்ரவரி வரை 1,425 நாட்கள் அம்முற்றுகை நீடித்தது. பதினோராயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விளையாட்டு வீரர்கள் வழுக்கி வந்த டிரெபெவிச் மலைத்தடம் பீரங்கி நிலையாயிற்று. பனிச்சறுக்கு நடனமும் நிறைவு விழாவும் நடந்த ஜெட்ரா அரங்கம் குண்டுகளால் சிதைந்தது. அதன் கீழ்த்தளம் பிணவறையாயிற்று. பார்வையாளர் அமர்ந்த மர இருக்கைகள் சவப்பெட்டிகளாயின. அரங்கை ஒட்டிய திடல் கபரஸ்தானாக மாறியது.

எந்தத் திடலில் கைதட்டினார்களோ, அதன் அருகிலேயே தம் பிள்ளைகளை அடக்கம் செய்த பெற்றோரை எண்ணிப் பாருங்கள்!

1993 அக்டோபர் 25 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஒலிம்பிக் தொடங்குவதற்கு ஏழு நாட்கள் முன்பிருந்து, முடிந்த பின் ஏழு நாட்கள் வரை உலகில் போர்கள் ஓய வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். லில்லஹாமர் விழாவுக்கு அந்த ஏழாம் நாள், பிப்ரவரி 5. அதே நாளில்தான் சரயேவோவின் மர்காலே சந்தையில் குண்டு விழுந்தது. அன்றாட உணவுப் பொருள் தேடி வந்தவர்களுள் 68 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் படுகாயமுற்றனர். ரமளான் பிறை காணும் நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்த வேளை அது. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் என்ன செய்வது என்று கலங்கிய இல்லங்களில் மரண ஓலம் எழுந்தது.

மௌனத்தின் மதிப்பு என்ன?

அரங்கம் எழுந்து நின்றதால் போர் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. நேட்டோவின் எச்சரிக்கைக்குப் பின் சிறிது காலம் குண்டுவீச்சு தணிந்தது, அவ்வளவே. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் எண்ணாயிரத்திற்கும் அதிகமான முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். அடுத்த மாதமே அதே மர்காலே சந்தை மீண்டும் தாக்கப்பட்டது. தீர்மானமும் உரையும் மௌனமும் மட்டும் கொலைகாரர் கையைத் தடுப்பதில்லை என்பதே கசப்பான உண்மை.

எனினும், அந்த மௌனம் வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அதை மௌனமாகவே விட்டுவிடாமல் செயலாக்கியவர்களும் இருந்தார்கள்.

போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே சமரான்ச் போர் சூழ்ந்த சரயேவோவுக்கு நேரில் சென்றார். நார்வேயின் பனிச்சறுக்கு வீரர் யோஹான் ஒலாவ் கோஸ் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். மூன்றிலும் உலக சாதனை. 1,500 மீட்டர் வெற்றிக்காகத் தமக்குக் கிடைத்த ஊக்கத்தொகையை, போரில் துன்புற்றோருக்கு உதவும் 'ஒலிம்பிக் எய்ட்' நிதிக்கு வழங்கினார். தம் நாட்டாரையும் வழங்கத் தூண்டினார். போஸ்னியாவோ, முற்றுகைக்கு நடுவிலும் முதன்முறையாகத் தன் கொடியுடன் குளிர்கால ஒலிம்பிக்கிற்கு அணியை அனுப்பியது. அதன் நால்வர் சறுக்குவண்டி அணியில் இரு முஸ்லிம்களும் ஒரு குரோஷியரும் ஒரு செர்பியரும் ஒரே வண்டியில் அமர்ந்து சென்றனர்! பதக்கம் கிட்டவில்லை. ஆயினும், ஊரில் பீரங்கிகள் பிளக்க முயன்ற உறவை அந்த நால்வர் உலகின் முன் காட்டினர்.

போர் ஓய்ந்த பின், ஒலிம்பிக் குழுவின் நிதியுதவியுடன் ஜெட்ரா அரங்கம் மீண்டும் எழுப்பப்பட்டு 1999-இல் திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் ஐரோப்பிய இளைஞர் குளிர்கால ஒலிம்பிக் விழாவைச் சரயேவோவும், செர்பியர் மிகுந்து வாழும் கிழக்குச் சரயேவோவும் இணைந்தே நடத்தின. காயம் முற்றிலும் ஆறியது என்று சொல்வதற்கில்லை. ஆனால், ஒரு காலத்தில் போர்முனை பிரித்த இரு பகுதியினரின் பிள்ளைகள் ஒரே விழாவுக்கு விருந்தோம்பினர்.

அடுத்த முறை இத்தகைய தொடக்க விழாவைக் காணும்போது, நம் பிள்ளைகளுக்கு வாண வேடிக்கையை மட்டும் காட்டி நிறுத்திவிடக் கூடாது. அங்கே அணிவகுக்கும் கொடிகளுள் எந்த நாட்டு மக்கள் அப்போது துயரில் இருக்கிறார்கள் என்று கேட்டறியவும் சொல்ல வேண்டும். அறிந்த பின் நம்மால் இயன்றது துஆவா, பொருளுதவியா, அண்டை வீட்டாரோடு இன்னும் நெருங்கி வாழ்வதா என்று சிந்திக்கட்டும். சரயேவோவின் இருக்கைகள் சவப்பெட்டிகளாக எட்டே ஆண்டுகள் போதுமாயிருந்தன. அண்டை வீட்டு உறவை ஒவ்வொரு நாளும் பேணிக் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?