மோட்டார் வண்டியின் வர்ணம் மங்குதலும் உரிதலும்

பழைய மோட்டார் வண்டியின் வர்ணம் கெட்டுவிட்டதென்று கூறுவோர், இருவேறு நிகழ்ச்சிகளை ஒன்றெனவே கருதிவிடுகின்றனர். மங்குதல் வேறு; உரிதல் வேறு. முன்னையதற்குத் துணியும் மெருகுப்பசையும் பெரும்பாலும் போதும். பின்னையதற்கு அவை சிறிதும் உதவா. இதனை அறியாது, தேய்த்தால் மீளக்கூடிய நல்ல வர்ணத்தைச் சுரண்டி எறிந்தோரும் உளர். உரிந்த இடத்தில் மெழுகு பூசி, உள்ளே கறள் வளர விட்டோரும் உளர்.

வர்ணமென்பது நிறப்பொடியும் அதனைப் பிணிக்கும் பிசினும் சேர்ந்த படலமாகும். ஞாயிற்றொளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் பிசினின் மூலக்கூற்றுத் தொடர்களை அறுக்க, காற்றின் ஒட்சிசன் அவ்வழிவைத் தொடர்கின்றது. பிணிப்பிழந்த பொடி சுண்ணம் பூத்தாற்போல மேலே நிற்கும். வெயில் நேரே விழும் கூரையும் பொனற்றும் முதலில் மங்குவது இதனாலேயே.

1948ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் உற்பத்தியான மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளின் வெளிவர்ணம், மேலிருந்து அடிவரை ஒரே நிறமுடையது. அழிந்த மேற்றோலை மெல்லத் தேய்த்து நீக்கின் அடியிலுள்ள நிறம் வெளிப்படும். 1980களிற் பரவிய முறையோ வேறு: மெல்லிய நிறப்படையின்மேல் நிறமற்ற தெளிபூச்சு இடப்படும். அத்தெளிபூச்சுச் சிதைந்து உரியத் தொடங்கின் எம்மெருகும் அதனை மீட்காது. ஈரமான வெள்ளைத் துணியில் மெருகுப்பசை தடவி, மறைவானதோரிடத்தில் தேய்த்தால் எம்முறையெனத் தெரிந்துவிடும். துணியில் வண்டியின் நிறம் ஒட்டின் ஒற்றைப் பூச்சு. ஒட்டாவிடின் தெளிபூச்சு உண்டு. பழைய வண்டிகள் பலவும் இடையில் மறுவர்ணம் பெற்றிருத்தல் கூடுமாதலின், வண்டியின் வயதை நம்பாது துணியையே நம்புதல் நன்று. தேய்ப்பதிலும் அளவு வேண்டும். தொழிற்சாலையில் இடப்படும் முழுப் படலமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கே.

உரிந்த இடத்தில், வர்ணம் உறுதியாகப் பற்றிநிற்கும் எல்லைவரை அரத்தாளால் தேய்த்து, விளிம்பைச் சரிவாக்கல் வேண்டும். இரும்பு தோன்றின் கறளை முற்றாக நீக்கி, உடனே முதற்பூச்சிடல் வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் ஓரிரவுகூடத் திறந்து விடலாகாது. கதவிற் கையளவு உரிந்திருப்பினும், தெளிபூச்சைக் கதவு முழுவதற்கும் இடுவதே முறை. இடையில் நிறுத்திய விளிம்பு மீண்டும் அங்கேயே உரியும்.

இவ்வேலையிற் பெரிதும் புறக்கணிக்கப்படுவது தூசியாகும். அக்கால முதற்பூச்சுக்களிற் செவ்வீயமும், மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஈயக் குரோமேற்றும் பயன்பட்டதுண்டு. உலரத் தேய்ப்பின் அத்தூசி மூச்சோடு உடலிற் சேரும். ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். ஆதலால் மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் மூடி, நீரில் நனைத்தே தேய்த்தல் வேண்டும். சிறுவர் விளையாடும் முற்றத்தில் அதனைச் செய்தல் தகாது. தேய்த்த சேற்றைக் கிணற்றடியிற் கழுவிவிடுவது அதனினும் கொடிது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது விரைந்து கீழிறங்கும். அந்நிலத்தடி நீரே அங்கு குடிநீர். சேற்றைப் பழைய துணியில் ஒற்றியெடுத்து, மூடிய தகரத்தில் அடைத்து வைத்து, வீட்டுக் குப்பையோடு கலவாது ஒப்படைத்தல் வேண்டும்.