பெரும்பாக்கத்திற்கு ஒரு தொடர்வண்டி

நுழையும்முன்

உலகைச் சிறிதாக்கிக் கையில் ஏந்திப் பார்க்கும் ஆவல் மனிதருக்கு என்றும் உண்டு. நடைவண்டியும் கொலுப்பொம்மையும் மரத்தேரும் அந்த ஆவலின் வடிவங்களே. அவ்வரிசையில் வந்த ஒரு நுண்கலை சிற்றுரு ரயில் அமைத்தல். இல்லாத பாதை ஒன்றைக் கற்பனையில் வகுத்து, கடந்துபோன ஓர் ஆண்டில் அதனை நிறுத்தி, அதில் ஓடும் எஞ்சின்களையும் அவ்வாண்டிற்கு உரியனவாகச் செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கலையின் இரு வழிகள்

சிற்றுரு ரயில் அமைப்போர் இரு வகையினர். உண்மையில் இருந்த நிலையத்தையும் பாதையையும் அளந்து, அவ்வாறே சுருக்கிச் செய்வோர் ஒரு வகையினர். உண்மையில் இல்லாத, ஆயினும் இருந்திருக்கக்கூடிய பாதையைப் படைப்போர் மற்றொரு வகையினர். இரண்டாவதைப் ‘புனைபாதை’ எனலாம். முதலாவது வரலாற்று நூல் போன்றது. இரண்டாவது வரலாற்றுப் புதினம் போன்றது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் நந்தினியும் பூங்குழலியும் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால், அவர்கள் நடமாடும் சோழநாடு வரலாற்றில் வேரூன்றியது. புனைபாதையும் அத்தகையதே. பாதை கற்பனை, அதனைச் சுற்றியுள்ள ஏனைய அனைத்தும் உண்மையாக இருத்தல் வேண்டும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியார் பீட்டர் டென்னி இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர். பக்கிங்காம் என்னும் உண்மையான ஊருக்கு, உண்மையான நிறுவனமாகிய கிரேட் சென்ட்ரல் ரயில்வே ஒரு கிளைப்பாதை அமைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என அவர் எண்ணிப்பார்த்தார். அந்தக் கற்பனைக் கிளையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நிறுத்தி, பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கினார். நம் நாட்டில் புனே நகரிலுள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998-இல் தொடங்கப்பெற்றது. அங்குக் கற்பனை நகரம் ஒன்றின் ஊடே சிறு வண்டிகள் ஓடுவதைக் காணலாம்.

நமக்கு ஒரு புனைபாதை

நாமும் ஒரு புனைபாதை அமைப்போம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்தொடர்வண்டிகள் 1931-இல் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 29 கி.மீ. நீளமுடைய அப்பாதையே தென்சென்னைப் புறநகரின் முதுகெலும்பு. தாம்பரத்திற்குக் கிழக்கே சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் ஆகிய ஊர்கள் உள்ளன. அவ்வழியே தொடர்வண்டிப் பாதை எதுவும் அமைந்ததில்லை. தாம்பரத்திலிருந்து பிரிந்து பெரும்பாக்கத்தில் முடியும் ஒற்றைக் கிளைப்பாதையே நமது கற்பனை.

எந்தப் பாதையும் காரணமின்றி அமைவதில்லை. எதை ஏற்றவும் யாரை இறக்கவும் இப்பாதை வந்தது என்னும் வினாவிற்கு விடை கூறாத புனைபாதை வெறும் விளையாட்டுப் பொருளாகவே நின்றுவிடும். பெரும்பாக்கத்திற்குக் கிழக்கே சோழிங்கநல்லூரை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. கடற்கரைச் சவுக்குத் தோப்புகளின் விறகும் உப்பும் ஒருகாலத்தில் அக்கால்வாயில் படகேறிச் சென்னைக்கு வந்தன. அச்சரக்கின் ஒரு பகுதியைத் தாம்பரத்திற்குக் கொண்டுசெல்லவே நம் பாதை அமைந்தது எனக் கொள்வோம். உடனே சரக்குப் பெட்டிகளின் வகையும், விறகு அடுக்கும் மேடையும், மாட்டுவண்டிகள் நிற்கும் வெளியும் தாமாகவே முடிவாகின்றன. நல்ல காரணம் ஒன்று கிடைத்தால் பாதி அமைப்பு தானே உருவாகிவிடும்.

அளவும் இடமும்

உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது 1:87 என்னும் அளவுவிகிதம். நமது மீட்டர் பாதையின் அகலம் 1000 மி.மீ. அதனை 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5 மி.மீ. கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதைகளைச் சிற்றுருவாக்குவோருக்கென 12 மி.மீ. அகலத் தண்டவாளங்கள் செய்யப்படுகின்றன. அரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எனவே அவை நமக்கும் பொருந்தும்.

நீளத்தில்தான் இடர்ப்பாடு. தாம்பரத்திற்கும் பெரும்பாக்கத்திற்கும் இடையே பத்துக் கிலோமீட்டர் எனக் கொண்டாலும், 1:87 அளவில் அது 115 மீட்டர் ஆகும். அவ்வளவு நீளமான வீடு எவரிடமும் இல்லை. ஆகவே, தேர்ந்து சுருக்குதல் இன்றியமையாதது. தாம்பரத்தின் ஒரு நடைமேடை, சேலையூர் நிறுத்தம், பெரும்பாக்க முனையம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, இடையே வயலையும் ஏரிக்கரையையும் வைத்தால் நான்கு மீட்டர் நீளப் பலகையில் பாதை அடங்கும். இருபது மீட்டர் நீளமுள்ள பெட்டி, இவ்வளவில் 23 செ.மீ. ஆகும். எஞ்சினும் நான்கு பெட்டிகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 115 செ.மீ. வரும். நடைமேடையின் நீளத்தை அதுவே முடிவு செய்கிறது.

முனையத்தில் எஞ்சின் வண்டியின் மறுமுனைக்குச் செல்ல ஒரு துணைப்பாதை வேண்டும். நீராவி எஞ்சினைத் திருப்பச் சுழல்மேடை ஒன்றும் வேண்டும். சிற்றுரு எஞ்சின்கள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகின்றன. இரு தண்டவாளங்களும் மின்கம்பிகளாகப் பயன்படுகின்றன. மின்னழுத்தத்தைக் கூட்டினால் விரைவு கூடும். மின்முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும்.

ஆண்டைத் தேர்ந்தெடுத்தல்

இனி, இக்கலையின் நுட்பமான பகுதிக்கு வருவோம். நம் பாதையை இன்றைய நாளில் நிறுத்த இயலாது. ஏனெனில், சென்னைப் புறநகர் மீட்டர் பாதைச் சேவை 2004-இல் முடிவுற்று, அப்பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டது. எனவே பின்னோக்கிச் செல்ல வேண்டும். இவ்வாறு அமைப்பையும் எஞ்சின்களையும் முந்தைய ஓர் ஆண்டிற்குக் கொண்டுசெல்வதைக் ‘காலம் பின்னகர்த்தல்’ எனலாம். ‘பழைய காலம்’ எனப் பொதுவாகக் கூறுவது போதாது. ஓர் ஆண்டைக் குறிப்பிடும்போதே எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்னும் எல்லை பிறக்கிறது. நாம் 1958-ஐத் தேர்ந்தெடுப்போம்.

அவ்வாண்டின் உலகம் எத்தகையது? தென்னிந்திய ரயில்வே முதலிய நிறுவனங்கள் இணைந்து 1951-இல் தெற்கு ரயில்வே உருவாகிவிட்டது. ஆதலால் பெட்டிகளில் பழைய நிறுவனத்தின் பெயர் புதிதாகத் தீட்டப்பட்டிருத்தல் பொருந்தாது. 1957-இல் நயாபைசா நடைமுறைக்கு வந்துவிட்டது. அணாவும் மக்கள் நாவில் இருந்தது. தொலைவு மைலில் கணக்கிடப்பட்டது. மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம். தமிழ்நாடு என்னும் பெயர் 1969-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நிலையச் சுவரில் திரைப்பட விளம்பரம் ஒட்ட விரும்பினால், 1958 ஆகஸ்டில் வெளியான ‘நாடோடி மன்னன்’ பொருந்தும். 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பொருந்தாது. குழாயடியில் நெகிழிக் குடம் கூடாது. மண்குடமும் பித்தளைக் குடமுமே இருத்தல் வேண்டும்.

எழுத்தும் காலம் காட்டும்

பெயர்ப்பலகை எழுதும்போது தமிழ் மாணவர்க்கு உரிய நுட்பம் ஒன்று குறுக்கிடுகிறது. பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. அதற்குமுன் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டன. ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவில் இருந்தன. எனவே 1958-ஆம் ஆண்டுப் பலகையில் ‘சேலையூர்’ என்பதன் ‘லை’ பழைய வடிவில் இருத்தல் வேண்டும். ‘சென்னை’, ‘பரங்கிமலை’, ‘பள்ளிக்கரணை’ ஆகியவற்றிற்கும் இதுவே விதி. ‘தாம்பரம்’, ‘பெரும்பாக்கம்’ ஆகியவற்றில் மாற்றமில்லை. கட்டைவிரல் நகத்தளவுப் பலகையில் உள்ள ஓர் எழுத்து, அமைப்பின் காலத்தையே காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சின்களைக் காலத்திற்கு ஏற்ப ஆக்குதல்

எஞ்சின் வகைப் பெயர்களில் முதலெழுத்தாகிய ‘ஒய்’ மீட்டர் பாதையைக் குறிக்கும். நீராவி எஞ்சின்களுள் ஒய்.பி. பயணியர் வண்டிக்கும், ஒய்.ஜி. சரக்கு வண்டிக்கும் உரியவை. இவ்விரண்டும் 1958-இல் பணியில் இருந்தவை. நம் பாதைக்கு ஏற்றவை. ஒய்.டி.எம்.-4 என்னும் டீசல் எஞ்சின் 1960-களில் வந்தது. ஜப்பானில் உருவான ஒய்.ஏ.எம்.-1 என்னும் மாறுமின்னோட்ட எஞ்சினும் அப்பத்தாண்டின் நடுவில் வந்ததே. எவ்வளவு அழகாக இருப்பினும் இவை நம் பலகையில் ஏறக்கூடாது.

அக்காலத்தில் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1500 வோல்ட் நேர்மின்னோட்டம் பயன்பட்டது. பின்னாளில் ஒய்.சி.ஜி.-1 என வகைப்படுத்தப்பட்ட மின்எஞ்சின்களும் அங்கு இயங்கின. மின்கம்பி இல்லாத துணைப்பாதைகளிலும் செல்வதற்காக மின்கலங்கள் நிறைந்த வண்டியொன்றை அவற்றுடன் இணைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. மின்கம்பி தாம்பரத்தோடு முடியும் நம் அமைப்பில், தாம்பரச் சரக்குத் தளத்தில் அத்தகைய எஞ்சின் ஒன்று நிற்பது மிகப் பொருத்தம்.

நமக்கு வேண்டிய எஞ்சின் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. எனவே ஓடும் அடிச்சட்டம் ஒன்றை வாங்கி, அதன்மேல் நெகிழித் தகட்டாலும் பித்தளைத் தகட்டாலும் உடலைக் கட்டுவர். முதலில் சக்கரங்களை நோக்க வேண்டும். ஒய்.பி. எஞ்சினின் இயக்குசக்கர விட்டம் 1372 மி.மீ.; 1:87 அளவில் ஏறத்தாழ 16 மி.மீ. ஒய்.ஜி. எஞ்சினுக்கு 1219 மி.மீ.; அதாவது 14 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடே ஒன்றை விரைவு வண்டியாகவும் மற்றொன்றைச் சுமை வண்டியாகவும் காட்டுகிறது. அடுத்து இணைப்பான். அகலப் பாதை எஞ்சின்களில் முன்புறம் இரு பக்கமும் இரு மோதுதாங்கிகள் இருந்தன. மீட்டர் பாதையில் நடுவில் ஒன்றே இருந்தது. பிற நாட்டு அடிச்சட்டத்தில் இரு தாங்கிகள் இருப்பின், அவற்றை நீக்கி நடுவில் ஒன்றைப் பொருத்த வேண்டும். இறுதியாகப் புகைக்கரியும் எண்ணெய்க் கறையும் நீர்த்தடமும் மெல்லிய பூச்சாக இடப்படும். உழைத்த பொறி பளபளப்பாக இராது.

தண்டவாளத்திற்கும் காலம் உண்டு. கான்கிரீட் குறுக்குக்கட்டைகள் பரவலாவதற்கு முந்தைய காலம் அது. மரக் கட்டைகளே கிளைப்பாதைக்குப் பொருந்தும். பன்னிரண்டு மீட்டருக்கு ஒருமுறை தண்டவாள இணைப்பு வருமெனக் கொண்டு, 14 செ.மீ. இடைவெளியில் தண்டவாளத்தின் மேல் சிறு கீறல் இட்டால், சிற்றுரு வண்டியும் ‘தடக் தடக்’ என ஒலித்துச் செல்லும். நிலைய முகப்பில் கைகாட்டி மரமும், ஒற்றைப் பாதையில் ஓட்டுநரிடம் வளையத்தில் கோத்து நீட்டப்படும் டோக்கனும் அக்காட்சியை நிறைவாக்கும்.

தெரியுமா?

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் காணப்படும் கரும்பாறைக்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகையினது. அவர் பெயராலேயே நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இப்பாறைக்குப் பெயரிட்டார். இக்கல்லின் பொடியைச் சலித்துச் சிற்றுருத் தண்டவாளத்தின் கீழ் பரப்பினால், நிறமும் நிலமும் ஒருசேரப் பொருந்தும்.

நீருக்கு வழிவிடும் பாதை

எஞ்சினைவிடக் கடினமானது நிலத்தைப் பின்னகர்த்துவது. இன்றைய பெரும்பாக்கத்தில் பல மாடிக் குடியிருப்புகளும், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும், அகன்ற சாலைகளும் உள்ளன. 1958-ஐ அமைப்பவர் இவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். நீக்கிய இடத்தில் எதை வைப்பது? பழைய நிலவரைபடத்தைப் பார்த்தால், ஏரியும் கால்வாயும் வயலும் சதுப்பும் தெரியவரும். வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இன்றைவிடப் பன்மடங்கு விரிந்து கிடந்தது.

இங்கே கற்பனைப் பொறியாளருக்கு உண்மையான சிக்கல் எழுகிறது. தாழ்நிலத்தில் பாதை அமைக்க மண்மேடு எழுப்ப வேண்டும். திறப்பில்லாத மண்மேடு நீரை மறிக்கும் அணையாகிவிடும். ஆகவே எங்கெங்கே நீர் கடந்து சென்றது எனக் கண்டறிந்து, அங்கெல்லாம் மதகும் சிறுபாலமும் வைக்க வேண்டும். விரலளவுப் பாலம் ஒன்றைச் செய்ய முனைபவர், மழைநீர் எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்குச் சென்று சதுப்பை அடைந்தது என்பதைக் கற்றாக வேண்டும். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் தென்சென்னைப் புறநகர் மக்கள் துயருற்று அறிந்த பாடமும் அதுவே. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. எஞ்சியுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

சான்றே அடித்தளம்

இவ்விவரங்களை எங்குத் தேடுவது? எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் பழைய பதிவுகளைக் காக்கின்றன. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்த சென்னை ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் நேரில் காணலாம். ஊர்ப் பெரியவர்களின் நினைவும் சிறந்த சான்றே. ஆயினும், ஒருவர் கூற்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட்டபின்னரே ஏற்றல் வேண்டும்.

புனைபாதை அமைப்பவர் கற்பனைக்கு ஓர் இடத்தை மட்டுமே ஒதுக்குகிறார். ஏனைய அனைத்திலும் உண்மைக்குக் கட்டுப்படுகிறார். பெரும்பாக்கத்திற்குத் தொடர்வண்டி வந்ததில்லை என்பது மெய். ஆனால், அது வந்திருந்தால் எவ்வழியே வந்திருக்கும் எனத் தேடுபவர், அந்த ஊர் எவ்வாறு இருந்தது என்பதைத் துல்லியமாக அறிந்துகொள்கிறார். நான்கு மீட்டர் பலகையின் பயன் அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு ஒரு கற்பனைத் தொடர்வண்டிப் பாதையை வரைந்து, அது அமைவதற்கான காரணங்களை ஒரு பத்தியில் எழுதுக.
2. நீங்கள் விரும்பும் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, அவ்வாண்டில் உங்கள் தெருவில் இருந்தவை, இல்லாதவை எனப் பட்டியல் இடுக. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்க்க.
3. எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் வெளியான நூல் ஒன்றை நூலகத்தில் கண்டு, அதில் உள்ள பழைய எழுத்துவடிவங்களை வரைந்து வகுப்பில் காட்டுக.